கதவுக்கு வெளியே ஒரு ரேடியோ

பிப்ரவரி 3

அணில் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் கை பழகியிருக்கிறது. இன்று அது வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் படியுங்கள். நம் பையன் அணில் உயிரோடு இருக்கிறான். எழுந்து நடக்கிறான். கொஞ்சம் சாப்பிடுகிறான்.

போன மாதக் கடைசியில், விடுதி அறையில், உயிரை விடப் பார்த்திருக்கிறான். கூடத் தங்கியிருக்கும் பையன் வகுப்புக்குப் போன பிறகு, கால்குலேட்டரை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்திருக்கிறான். அந்தப் பையன் கதவை உடைத்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். நான் தையல் ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு எதிர்த் தெருவில் ஒரு மாடி அறை எடுத்து அவனை என்னோடு வைத்திருக்கிறேன்.

உடனே ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவீர்கள். உங்கள் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். பிரிந்து ஆறு வருஷமாகியும் நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் ஏறிவிடுகிறது. அறை சின்னது. அவன் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். விலாசம் உங்கள் தங்கை கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். இங்கே மாணவர்களுக்கென்று ஒரு கவுன்சலிங் சென்டர் இருக்கிறது. நூலகத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி இரண்டே அறை. ஒன்றில் ஆலோசகர், தலை நரைத்தவர். இன்னொன்றில் டெஸ்ட் எடுக்கும் பெண். ஞாபகம், அறிவு, மனநிலை எல்லாவற்றையும் அளக்க அவரிடம் டெஸ்ட் இருக்கிறது. நம் பையன் வயதுதான் இருக்கும் போலத் தெரிகிறது, எப்போதும் ஜலதோஷம். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று கதவுக்கு வெளியே ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. காத்திருக்கிற பிள்ளைகள் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்தப் பெண் என்னிடம் இவன் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார். எப்போது நடந்தான், எப்போது பேசினான், அதெல்லாம் சொல்லிவிட்டேன். ஏழிலிருந்து பதினொரு வயது வரை தூக்கம் எப்படி, இருட்டுக்குப் பயந்தானா, படுக்கையில் ஏதாவது வித்தியாசமாகச் செய்வானா என்று கேட்டபோது எனக்குத் தெரியாது என்றேன். அந்த வருஷங்களில் எனக்கு நைட் ஷிஃப்ட். படுக்கவைத்தது நீங்கள். “அவங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?” என்றார். கேட்கிறேன். ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். என்னைத் திட்டுவதானால் தனித்தாளில் திட்டுங்கள், பதிலை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

அணில் அம்மா


பிப்ரவரி 9

அணில் அம்மாவுக்கு,

கடிதம் ஒர்க்‌ஷாப் மேஜையில் கிடந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததுமே நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. ரிப்பேர் பார்க்கப் போன கட்டடத்தில், லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் வந்து “என்ன அண்ணே” என்று கேட்க மாட்டார்கள்.

தனித்தாளைத் தேடாதே. எழுதினேன், கிழித்துவிட்டேன். என் பையன் செத்துப் பிழைத்திருக்கிறான், எனக்கு அது தபாலில் வந்து சேருகிறது. இதை நீயே யோசித்துக்கொள்.

கேட்டதற்குப் பதில். படு என்றால் படுப்பான். அடம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்துவதைக் கேட்கும்போது எனக்கு அதில் பெருமைகூட. இருட்டுக்குப் பயந்ததில்லை. வித்தியாசம் என்றால் ஒன்றுதான் தோன்றுகிறது. சில நாள் பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டே போர்வைக்குள் கிடப்பான். “என்னடா, கனவுல ஸ்கூலுக்குப் போறியா?” என்று கழற்றிவிடுவேன். சிரிப்பான். விடிந்து பார்த்தால் மறுபடி கால்களில் இருக்கும். உன்னிடம் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமா என்று விட்டுவிட்டேன்.

இது மூளைக் கோளாறா? எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. உன் சின்ன மாமாவை நினைத்துப் பார். இது திட்டு இல்லை, கேள்வி.

என்னைப் பற்றிக் கேட்டானா?

அணில் அப்பா


பிப்ரவரி 17

அணில் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், சின்ன மாமாவை விட்டுவிட்டு. ஷூ விஷயம் வந்ததும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார். “அப்போ வீட்ல நிலைமை எப்படி இருந்துச்சும்மா?” என்றார். எல்லா வீட்டையும் போலத்தான் என்றேன். “எல்லா வீட்டையும் போலன்னா?” என்றார். புருஷன் பெண்டாட்டி சண்டை எங்கே இல்லை என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து வந்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

டெஸ்ட் மூன்று நாள் காலையில் நடந்தது. கட்டைகளை அடுக்கச் சொல்கிறார்கள், படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்கிறார்கள், நூற்றுக்கணக்கில் சரியா தப்பா கேள்விகள். வெளியே வந்து, “அம்மா, இந்த வருஷம் நான் முழுசா எழுதின பரீட்சை இதுதான்” என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூளைக் கோளாறு இல்லையாம். அறிவில் ஒரு குறையும் இல்லை, நிறையவே இருக்கிறதாம். ஆனால் மனச்சோர்வு மிகவும் ஆழமாக இருக்கிறது. பரீட்சையால் வந்ததில்லை, பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்கிறார் அந்தப் பெண். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன சோர்வு என்று கேட்டேன். “நல்ல பிள்ளையா இருந்திருப்பாரு. அதனால யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார்.

இன்னொன்று. நவம்பரிலேயே இவன் தானாகப் போய் சென்டரில் பெயர் கொடுத்திருக்கிறான். பல்கலைக்கழகம் முழுவதற்கும் இவர்கள் இரண்டு பேர்தான். முறை வருவதற்குள் இப்படி ஆகிவிட்டது. இதைச் சொல்லும்போது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நவம்பரில் என்னோடும்தான் வாரா வாரம் போனில் பேசினான். “எல்லாம் நல்லா போகுதும்மா” என்றுதான் சொன்னான்.

ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை போகிறான். உள்ளே என்ன பேசுகிறான் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். பெத்தவ கேக்குறேன் என்றேன். “அவரே சொல்லுவாரும்மா, நேரம் குடுங்க” என்கிறார். நம் பையனை அவர் என்கிறார்கள். நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அணில் அம்மா


பிப்ரவரி 25

அணில் அம்மாவுக்கு,

வீட்டு நிலைமையைப் பற்றி அந்தப் பெண்ணிடம் என்னைக் குற்றவாளியாக்கியிருப்பாய் என்று நினைத்தேன். எல்லா வீட்டையும் போல என்று சொன்னாய் பார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவன்மேல் நான் கை வைத்ததில்லை. உன்மேலும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என் மனதைத் தேற்றிவந்தேன். ஆனால் நீ ஷிஃப்ட் முடிந்து கதவைத் திறக்கும் நேரத்துக்கு நான் வாயில் ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருப்பேன். நீ பதிலுக்கு வாயை மூடிக்கொள்வாய். நாள் கணக்கில். நான் பேசப் பேச நீ மூட, நீ மூட மூட நான் பேச. பிறகு திடீரென்று ஒரு நாள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போலச் சிரித்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவோம். அவன் நடுவில், இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

இங்கே நகர நூலகத்துக்குப் போய் மனச்சோர்வு பற்றிப் புத்தகம் கேட்டேன். அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையனுக்கு என்றேன். பாதி புரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், பயப்படாதீங்க என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதிகமாகப் பயப்படுவார்கள். நான் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் சொல்வேன். இப்ப மேல ஏறுறேன், இப்ப பிரேக்கைத் தளர்த்துறேன், ஒரு குலுக்கல் வரும். அவ்வளவுதான். அவனிடம் தைரியமாக இரு, நல்லா இரு என்று சொல்லிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடு. செய்வதைச் சொல்லிப் பார்.

அணில் அப்பா


மார்ச் 6

அணில் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். துணி காயப்போடப் போறேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன். சோறு வடிக்கிறேன். மாத்திரை மேஜைமேல வச்சிருக்கேன். இரண்டாம் நாள், “அம்மா, என்ன ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி பேசுற? யாரு சொல்லிக் குடுத்தா?” என்றான். சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. உங்கப்பா என்றேன். தட்டைக் கழுவப் போனான். திரும்பி வந்து, “எப்படி இருக்காரு?” என்றான்.

கேட்டுவிட்டான், அணில் அப்பா.

ஆலோசகர் ஒரு தடவை நம் இரண்டு பேரையும் அவனோடு சேர்த்து உட்காரவைத்துப் பேச வேண்டும் என்கிறார். அவன் சம்மதித்தால் மட்டும் என்றார். சம்மதித்திருக்கிறான். இருபத்தொன்றாம் தேதி காலை. வர முடியுமா?

உங்கள் இருமல் நின்றதா? கிரீஸ் கையோடு கண்ணைத் தேய்க்கும் பழக்கம் போயிருக்காது.

அணில் அம்மா


மார்ச் 10

வருகிறேன். லீவு கேட்டேன், மேனேஜர் முனகினான், கொடுத்தான். அணிலுக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று தெரியவில்லை. இருபது வயதுப் பையனுக்கு என்ன பிடிக்கும்? ஒரு வரி எழுது.

அணில் அப்பா


மார்ச் 24

அணில் அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அந்த அறையில் நான் சரியாகப் பேசவில்லை என்று எனக்கே தெரியும். ஆலோசகர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. தலை நரைத்துவிட்டதே உனக்கு. ஷூவைப் பற்றி அவனிடம் கேட்டேன் இல்லையா, “ஞாபகம் இல்லப்பா” என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. என்னை அப்பா என்று கூப்பிட்டான்.

அப்புறம் மூன்று பேரும் கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். நீ உன் தட்டிலிருந்து எடுத்து எனக்கு வைத்தாய். கவனித்தாயோ இல்லையோ, அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சுற்றிவளைக்கத் தெரியாது எனக்கு. மறுபடி ஒரே வீட்டில் இருப்போம். உனக்கும் எனக்கும் இந்த வயதில் தனித்தனி அடுப்பு எதற்கு? முக்கியமாக அவனுக்காக. அங்கேயும் லிஃப்ட் இருக்கிறது, அதுவும் நின்றுபோகும், எனக்கு வேலை கிடைக்கும். பஸ் ஏறும்போது அவன் காதில் போட்டேன். “அப்பா இங்கயே வந்துடட்டுமாடா?” என்றேன். “வாங்கப்பா” என்று சிரித்தான். நீ சரியென்று எழுதினால் நோட்டீஸ் கொடுத்துவிடுகிறேன்.

அணில் அப்பா


ஏப்ரல் 4

அணில் அப்பாவுக்கு,

சரி.

வேண்டாம் என்று சொல்ல ஆறு வருஷமாகச் சேர்த்துவைத்த காரணம் எல்லாம் இருக்கிறது. தேடினால் ஒன்றும் கைக்கு வரவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, பின்னால் துணி துவைக்க இடம். சன்னல் எல்லாம் திறக்கிறது. வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன்.

பையனிடம் சொல்லிவிட்டேன். “நல்லதும்மா” என்றான். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டான். தேதியைச் சுவரில் குறித்துவைக்கச் சொல்லலாம் போல. தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சாப்பாடும். வெயில் காரணமாக இருக்கலாம். மற்றபடி சொன்ன சொல் தட்டாமல் நல்ல பிள்ளையாக இருக்கிறான்.

குளிர் சட்டைகளை அங்கே விட்டுவிடாதீர்கள்.

உங்கள்,
அணில் அம்மா


ஏப்ரல் 22

அணில் அப்பாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம்.

நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினான். மத்தியானம் வரை வரவில்லை. அறைத்தோழனுக்குப் போன் செய்தேன், அவனும் ஓடிவந்தான். எங்கெங்கே தேடினோம் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் சைக்கிள் ஸ்டாண்ட் வாட்ச்மேன் கூப்பிட்டார். சென்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருக்கிறது. ரேடியோகூட இல்லை. பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். “வேற எங்க போறதுன்னு தெரியலம்மா. வேற எங்கயாவது போயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் இங்க வந்தேன்” என்றான். மாத்திரையைப் பத்து நாளாக விழுங்கவில்லை. என் எதிரில் வாயில் போட்டுக்கொண்டு பிறகு துப்பியிருக்கிறான்.

மறுநாள் ஆலோசகர் முதலில் அவனோடு பேசினார். அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டார். அவன் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னான். “அப்பாவை வர வேண்டாம்னு சொல்லும்மா.”

நாங்கள்தான் இப்போது சண்டையே போடுவதில்லையே, எல்லாம் உனக்காகத்தானே என்றேன்.

“அதாம்மா. எனக்காகச் சேர்ந்தீங்கன்னா நான் நல்லா இருந்தே ஆகணும். ஒரு நாள் நல்லா இல்லாட்டிகூட உங்களைப் பிரிச்சது நானாயிடுவேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சண்டை நடக்கறப்ப எனக்குப் பயம் இருக்காது. சண்டை நடக்குது, அவ்ளோதான். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டிருப்பீங்க பாரு, அப்பதான் பயம். எப்ப உடையும்னு காதைத் தீட்டிக்கிட்டு, ஷூவைக்கூடக் கழட்டாமப் படுத்திருப்பேன். கேன்டீன்ல நீ அப்பாவுக்கு எடுத்து வச்ச. அன்னிக்கு ராத்திரியிலிருந்து மறுபடி காது குடுக்க ஆரம்பிச்சுட்டேன். தனித்தனியா ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். ஒரே வீட்டுக்குள்ள என்னால முடியாதும்மா.”

உங்களிடம் ஏன் வாங்கப்பா என்று சொன்னான் என்று கேட்டேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று திருப்பிக் கேட்டான். சின்ன வயதிலிருந்து அவன் நமக்கு வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறான்.

வெளியே வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் அழுதேன். டெஸ்ட் எடுக்கும் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உங்கள் உறை வந்தால் அவன் முதலில் என் முகத்தைப் பார்க்கிறான், நான் சிரிக்கிறேனா என்று. ஆகவே கடிதமும் வேண்டாம். உங்கள் விலாசத்தைக் கேட்டான், கொடுத்திருக்கிறேன். எழுதத் தோன்றினால் அவனே எழுதுவான். அவனை நான் கேட்க மாட்டேன்.

அணில் அம்மா


மே 1

அணில் அம்மாவுக்கு,

படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. அதன்மேலேயே உட்கார்ந்து படித்தேன்.

நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. இதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். அவனுக்குக் கொடுக்க, விலாசம் தனித்தாளில்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆலோசகர்மேல் வந்தது, உன்மேல் வந்தது, அவன்மேலும் வந்தது. உனக்கு எழுதி எழுதி நான் கொஞ்சம் நல்ல மனுஷனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகியிருக்கலாம். ஆனால் அவன் அதை நம்பிக் காத்திருக்க வேண்டும் என்றால் அது அவன் தலையில் இன்னொரு சுமை. இது புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. புரிந்தாலும் வலி குறையவில்லை.

மாத்திரை கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவனோடு ஏதாவது பேசிக்கொண்டிரு. வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாது.

இனி எழுத மாட்டேன்.

அணில் அப்பா


ஆகஸ்ட் 19

அணில் அம்மாவுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவன்தான். உறையில் என் கையெழுத்து தெரியக் கூடாது என்று ஆஸ்பத்திரி கிளார்க்கை விட்டு விலாசம் எழுதவைத்திருக்கிறேன். ஃபாக்டரிக்கு அனுப்புகிறேன். நீ வேலைக்குத் திரும்பியிருந்தால் கையில் கிடைக்கும். அவன் கண்ணில் படாது.

அவனிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. எழுதாதது அவன் இஷ்டம். நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை, எதையும் கேட்கவும் வரவில்லை.

நேற்று கீழே அவசரப் பிரிவிலிருந்து ஒரு பையனை மேலே ஏற்றினேன். கல்லூரிப் பையன். துணிமூட்டை மாதிரி சுருண்டு கிடந்தான். கூட வந்தவர் அப்பாவாக இருக்க வேண்டும், ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது மாடி வரை அவர் என்னைப் பார்த்து, “சீக்கிரம் போகுமா, சீக்கிரம் போகுமா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்ப மூணாவது மாடி, இப்ப நாலாவது மாடி என்று சொல்லிக்கொண்டே போனேன். கதவு திறந்து அவர்கள் போன பிறகும் லிஃப்டை அங்கேயே நிறுத்திவைத்திருந்தேன். மேலும் கீழுமாக ஆட்கள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எப்படி இருக்கிறான், படிக்கிறானா, இன்னும் அந்த அறைக்குப் போகிறானா, ஒன்றும் வேண்டாம். இருக்கிறானா என்று மட்டும் சொல். ஒரு கார்டில் ஒரு வார்த்தை போதும்.

அணில் அப்பா


ஆகஸ்ட் 27

அணில் அப்பாவுக்கு,

இருக்கிறான். நானும்.

அணில் அம்மா